ஆதொண்டை தேடிய கோடை

போன வருடம் ஏப்ரல் மாதத்து மாலை ஒன்றில், வண்ணாரப்பேட்டையில் நான் பில் போடும் மொத்தக் கடையில் நைட்டிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். என் நாத்தனாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. என் கணவரின் தங்கை அவள். எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடங்களில் அவள் எனக்கென்று தனியாக அனுப்பிய முதல் செய்தி அது. வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, தெருச் சத்தத்துக்குத் தப்பிப் பின்படிக்கட்டுக்கு ஓடி, போனைக் காதில் வைத்தேன்.

"அண்ணி, பயப்படாத, ஒண்ணியும் இல்ல. ஒரு டவுட்டு. காலைல டூட்டிக்குப் போவச்சொல்லோ லைன் ஓரமா ஒரு முள்ளுக்கொடில பூ பூத்துகினு இருந்துச்சு. வெள்ளவெளேர்னு. இப்ப திரும்பி வரேன், அதே பூ, அதே கொம்பு, ரோஸ் கலர்ல கீது. கிட்ட போயி பாத்துட்டேன், அதேதான். பூவு கலர் மாறுமா அண்ணி? இன்னா பூ அது? நீதான் இதெல்லாம் பாப்பியே, சொல்லு."

கூடவே ஒரு படம். பாதிப் படத்தை அவள் கட்டைவிரல் மறைத்திருந்தது.

'நீதான் இதெல்லாம் பாப்பியே.' அந்த ஒரு வரியை இரண்டு முறை திரும்பக் கேட்டேன். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று, ஒரு சாதாரண பைனாகுலரை வைத்துக்கொண்டு நான் பறவை பார்ப்பது குடும்பம் முழுக்கத் தெரிந்த கேலி. "குருவி ஆபீசர் டூட்டிக்குப் போயிட்டாங்க" என்பார் என் கணவர். படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டால் யாராவது ஒருவர் கட்டைவிரலை உயர்த்துவார்கள், அவ்வளவுதான். நாத்தனார் அதையெல்லாம் பார்த்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. நான் தென்மாவட்டத்திலிருந்து வந்து இங்கே கடை வைத்த குடும்பத்துப் பெண். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொருக்குப்பேட்டை. காதல் கல்யாணம். இரண்டு பக்கமும் முகம் சுளித்து, பிறகு பழகிக்கொண்டார்கள். கல்யாணத்திலும் சாவிலும் பார்க்கும்போது "சாப்டியா?" என்று அவள் கேட்பாள், "சாப்டேன்" என்று நான் சொல்வேன். அதற்கு மேல் எங்களிடம் பேச்சு இருந்ததில்லை.

அவளுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் வேலை. கேங் வேலை என்பார்கள். அங்கேயே வேலை பார்த்த அவள் கணவர் இறந்த பிறகு கருணை அடிப்படையில் கிடைத்தது. ஆரஞ்சு நிறச் சட்டைக்குள் சுடிதார், காலில் கனமான ஷூ, தோளில் சுத்தியல். தினமும் பல மைல் நடை. கழன்ற ஆணி, விரிசல், நகர்ந்த ஜல்லி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணில்தான் அந்தப் பூ பட்டிருக்கிறது.

அந்தப் பூவின் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொக்கி போல வளைந்த முள். பூனை மீசை போல நீண்டு நிற்கும் மகரந்தக் கம்பிகள். செடி கொடி பார்ப்பவர்களின் குரூப் ஒன்றில் படத்தைப் போட்டுவிட்டு, வேலை முடிந்து மெட்ரோவில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது: ஆதொண்டை.

"ஐயோ!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். எதிரே இருந்தவர் தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. ஆதொண்டை என்றால் ஆதண்டங்காய்! எங்கள் வீட்டில் அம்மா மோரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்து, வருடம் முழுக்கப் பொரித்துப் போட்ட வத்தல். சாப்பிட்டு வளர்ந்த காய்க்கு ஒரு பூ இருக்கும், அந்தப் பூ காலையில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமுமாக இருக்கும் என்று நாற்பத்து நான்கு வயது வரை எனக்குத் தெரியவில்லை. தொண்டை மண்டலம் என்று நம் பக்கத்துக்குப் பெயர் வந்ததே இந்தக் கொடியால்தான் என்று சொல்பவர்கள் உண்டு என்றும் குரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார். விம்கோ நகர் வரை போய்விட்டேன். இறங்க வேண்டிய ஸ்டேஷன் எப்போது போனதென்று தெரியவில்லை.

பிளாட்பாரத்தில் நின்றபடியே நாத்தனாருக்குப் போன் போட்டேன். "அது ஆதொண்டை! கலர் மாறும்! நீ பார்த்தது சரிதான்!"

"மெய்யாலுமா?" என்றாள். பிறகு பின்னால் யாரிடமோ, "நான் சொல்லல? பூவு மாறும்னு? எங்க அண்ணி சொல்டுச்சு" என்று கத்துவது கேட்டது. "அண்ணி, ஞாயித்துக்கிழம வரியா? இட்டுகினு போயி காட்றேன்."

ஞாயிற்றுக்கிழமை முதல் ரயில். அவள் கொருக்குப்பேட்டையில் ஏறிப் பெண்கள் பெட்டியில் இடம் பிடித்திருந்தாள், நான் திருவொற்றியூரில் ஏறினேன். எண்ணூரில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிய மண்பாதையில் அவள் முன்னே நடந்தாள், நான் பின்னால். அன்று அவளுக்கு விடுமுறை. ஆனாலும் நான் கொஞ்சம் ஓரம் போனாலே திரும்பி முறைத்தாள். "அண்ணி, அந்த ஜல்லி மேல காலு வெச்சே, நானே உன்ன புட்ச்சி குட்த்துருவேன். சொந்தமாவது, பந்தமாவது."

ஒரு கேட்டைத் தாண்டியதும் நின்றாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. தரை சுத்தமாக இருந்தது. அங்கங்கே வெட்டப்பட்ட அடிக்கட்டைகள், ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த முள் குவியல்.

"வெட்டிட்டாங்க" என்றாள் மெதுவாக. "வெள்ளிக்கிழம வேற பேட்ச் வந்துகிது. நான் அன்னிக்கு தண்டையார்பேட்டைல இருந்தேன்."

யாரையும் குறை சொல்ல முடியாது. எஞ்சின் ஓட்டுகிறவருக்குப் பாதை தெரிய வேண்டும். கோடையில் காய்ந்த புதர் தீப்பிடிக்கும். அதை வெட்டுவதுதான் அவள் வேலையும். குவியலுக்குள் கையை விட்டு, முள் கீறியதைப் பொருட்படுத்தாமல், ஒரு கொம்பை உருவினாள். வாடிச் சுருண்ட பூக்கள், திராட்சை நிறத்தில்.

"நானே எத்தினி வாட்டி வெட்டிகிறேன் அண்ணி. இன்னாத்த வெட்றோம்னு ஒரு நாளும் பாத்ததில்ல."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஒரு செடிக்காக அழுவதா என்று அடக்கிக்கொண்டேன். அவள் அந்தக் கொம்பைக் கீழே போட்டாள், கையை உதறினாள், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இது மட்டும் தனியாவா வந்து மொளச்சிருக்கும்? இதுக்கு ஆயா அப்பன், கூடப் பொறந்தது, எங்கனா இருக்கும்ல? இந்தப் பூ எப்ப வரைக்கும் பூக்கும்?"

"மே மாசம் முடியற வரைக்கும் பூக்கும்னு போட்டிருக்காங்க."

"அப்ப டைம் கீது. வா, தேடலாம்."

அந்த நிமிடத்தில் எனக்குள் என்னவோ துள்ளியது. பள்ளிக்கூடத்தில் யாரோ என் பெயர் சொல்லித் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டதுபோல.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதல் ரயில்தான். சனிக்கிழமை இரவே இரண்டு பாட்டில் தண்ணீரை ஃபிரீசரில் வைத்துவிடுவேன். அவள் இட்லியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவருவாள், நான் எலுமிச்சை சோறு. எண்ணூர் தாண்டிக் கழிமுகத்துப் பாலத்தின் மேல் ரயில் போகும்போது கிழக்கே வெளுத்திருக்கும். புகைபோக்கிகளுக்குக் கீழே தண்ணீர் தகடாகக் கிடக்கும். ஜன்னல் ஓரம் எனக்கா அவளுக்கா என்று அந்த ஒரு நிமிடத்துக்காகப் போட்டி போடுவோம்.

முதல் வாரம் கடலோர மணல்மேட்டுக்குப் போனோம். ஆதொண்டை அங்கே இருக்காது என்று எனக்குப் பாதி தெரியும். ஆனாலும் எங்காவது தொடங்க வேண்டுமே. அங்கே அடம்பு பூத்திருந்தது. இலையெல்லாம் ஆட்டுக் குளம்பு போல இரண்டாகப் பிளந்து, மணலை இறுகப் பிடித்து, கண்ணுக்கெட்டியவரை இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த குழல் பூக்கள். தூரத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன்கள், கிட்டத்தில் இந்தப் பூ விரிப்பு. நாத்தனார் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பூவையும் மிதிக்காமல், கொடிகளுக்கு நடுவில் நொண்டி விளையாடுவதுபோலத் தாவித் தாவிப் போனாள். தண்டவாளக் கட்டைகளை நெம்பி நகர்த்துகிற பெண் அவள்.

அங்கேதான் முதல் தடவை பைனாகுலரை அவளிடம் கொடுத்தேன். தண்ணீரின் மேல் சின்ன ஆலாக்கள் பறந்துகொண்டிருந்தன. வெள்ளைக் காகிதம் காற்றில் நிற்பதுபோல ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, சட்டென்று தலைகுப்புற விழும். எழும்போது வாயில் மீன். அவள் ஒன்றை விடாமல் பின்தொடர்ந்து பார்த்தாள்.

"அண்ணி."

"ம்?"

"மூக்கு மஞ்சள். நுனில மட்டும் கறுப்பு. நெத்தில வெள்ள." பைனாகுலரை இறக்கி வெறும் கண்ணால் பார்த்தாள், மறுபடி ஏற்றிப் பார்த்தாள். "இத்தினி நாளு இத்தயெல்லாம் நான் காக்கா, கொக்குன்னு ரெண்டே பேர்ல முட்ச்சிகினு இருந்தேன்."

அவள் கண் என் கண்ணைவிடப் பத்து மடங்கு கூர்மை. எனக்குப் பெயர்கள் தெரியும், அவளுக்கு அசைவு தெரியும். அடுத்த வாரம் அத்திப்பட்டு உப்பளங்களின் ஓரமாக நடந்தபோது இதை நன்றாகப் புரிந்துகொண்டேன். நான் நெருஞ்சியின் மஞ்சள் பூவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் தோளை அழுத்தினாள். "ஆடாத. தோ, அந்த வரப்பு மேல பாரு. அது மண்ணு இல்ல." நெடுங்கால் உள்ளான் ஒன்று முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. அத்தனை நீளமான இளஞ்சிவப்புக் கால்களை எப்படித்தான் மடித்துவைத்ததோ! "அதுக்குக் கண்ணு செவப்பு அண்ணி, செவ செவன்னு கீது!" என்று அவள் காதுக்குள் கிசுகிசுத்தாள். ஜோடிப் பறவை எங்களைப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமடித்தது. அதைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று இருவரும் குனிந்தபடியே பின்னால் நகர்ந்தோம். நகர்ந்து முடித்ததும் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள், வெட்டவெளியில், திருடர்களைப் போலப் பின்னோக்கி நடந்திருக்கிறோம்.

ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று கிடைத்தது. மணல் கரையில் பொந்து போட்டு, உள்ளே இருக்கும் குஞ்சுகளுக்குத் தும்பியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பச்சைப் பஞ்சுருட்டான்கள். ரயில்வே வேலி ஓரத்தில் மணத்தாலேயே எங்களைக் கூப்பிட்ட நுணாப் பூ. அவள் தான் பார்த்ததையெல்லாம் வாரநாட்களில் குரல் பதிவாக அனுப்புவாள். பின்னால் சரக்கு ரயிலின் சத்தத்தில் பாதி கேட்காது. கடையில் மற்றவர்கள், "யாரு அது, தினமும்?" என்று கேட்பார்கள். "என் நாத்தனார்" என்பேன். சொல்லவே பெருமையாக இருந்தது.

ஆதொண்டை மட்டும் கிடைக்கவில்லை. மே மாதமும் பாதி போய்விட்டது.

தேடத் தொடங்கிய மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ, கழிமுகத்து ஓரம் அலையாத்தி மரமான வெண்கண்டல் பூத்திருக்கிறதா என்று பார்க்கப் போனோம். பூத்திருந்தது. மிளகு அளவு மஞ்சள் பூக்கள், மரம் முழுக்கத் தேனீ இரைச்சல். கிட்டே போய்ப் பார்க்கும் ஆசையில் நான் ஒரு அடி கூடுதலாக வைத்துவிட்டேன். முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டது. இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனது.

"அண்ணி, ஆடாத! குந்து! அப்டியே பின்னால குந்திடு!"

உட்கார்ந்தேன். அவள் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, என் அக்குளுக்குள் கையைக் கொடுத்து, "ஏலேலோ" என்று ஒரு இழு இழுத்தாள். நான் வந்துவிட்டேன், என் செருப்பு வரவில்லை. இன்னொரு கால் செருப்பும் அறுந்துபோனது. இடுப்புவரை கறுப்புச் சேறு. வெயில் ஏறிவிட்டது, தரை கொதித்தது. அவள் தன் ஷூ இரண்டையும் கழற்றி நீட்டினாள். நான் வாங்கமாட்டேன் என்றேன். "எனக்கு ஜல்லி மேல நடந்து பழக்கம்" என்றாள். வாதாடி வாதாடிக் கடைசியில் ஆளுக்கு ஒரு ஷூ போட்டுக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நொண்டியபடி அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே!

குழாயடியில் காலைக் கழுவிவிட்டு ரயிலுக்குக் காத்திருந்தபோது, அவளே பேச ஆரம்பித்தாள்.

"அவரு போனப்பறம் இந்த வேலைக்கு வந்தேன் பாரு, மொத வருஷம் பூராவும் தலையே தூக்க மாட்டேன் அண்ணி. கட்டைய எண்ணிகினே நடப்பேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. தல தூக்கனா அழுவ வந்துரும். ஒரு நாளு எண்ணிக்க வுட்டுப்போச்சு. நிமுந்து பாத்தேன், எருக்கம்பூ மேல ஒரு தேன்சிட்டு தலகீழா தொங்கிகினு கீது. அன்னிலருந்து நிமுந்துதான் நடக்கறேன்."

பதினெட்டு வருடத்தில் எனக்கு இது தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை முழுக்கக் காய்ப்பு, முள் கீறல். ரயில் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மே மாதத்தின் கடைசி ஞாயிறு. துறைமுகத்துக்குப் போகும் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையில், மூடிக் கிடக்கும் பழைய கிடங்கு ஒன்றின் சுற்றுச்சுவர் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். மணி ஏழு இருக்கும். அவள் நின்றாள்.

"அண்ணி, அந்த வெள்ளப் பூச்சிங்கள பாரு. ஒண்ணு பின்னால ஒண்ணு, எல்லாம் ஒரே பக்கமா போவுது. இன்னா கீது அங்க?"

வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள். சுவர் மூலையைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஆதொண்டை இலையில்தான் சில வெள்ளைப் பூச்சிகள் முட்டையிடும் என்று படித்திருந்தேன். சொல்லவில்லை. சொன்னால் இல்லாமல் போய்விடுமோ என்று பயம். வேகமாக நடந்தேன். அவள் என்னைத் தாண்டி ஓடினாள். மூலை திரும்பியதும் அவள் குரல் கேட்டது.

"அண்ணீ! அண்ணீ! அண்ணீ!"

கிடங்கின் கேட்டை ஒட்டி, பட்டுப்போன ஒரு வேப்பமரத்தின் மேல் ஏறி, சுவரின் இரண்டு பக்கமும் வழிந்து, ஆதொண்டை. ஒரு பூ இரண்டு பூ அல்ல. கொம்பு முழுக்க வரிசை வரிசையாக வெள்ளை. ஒவ்வொன்றிலிருந்தும் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கம்பிகள், வாணவேடிக்கை வெடித்து அப்படியே உறைந்துபோனதுபோல. மேல் இதழின் அடியில் மஞ்சள் தீற்றல். நேற்றைய பூக்கள் அவற்றுக்குப் பக்கத்திலேயே சிவந்து நின்றன. அதற்கும் முந்தையவை திராட்சை நிறத்தில். நான் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைக் கட்டிப் பிடித்துக் குதித்தாள்.

"யாரு அது? இன்னா வோணும்?" கேட்டுக்குள்ளிருந்து செக்யூரிட்டி ஒருவர் வந்தார். நீலச் சட்டை, கையில் டீ டம்ளர்.

"அண்ணே, நாங்க ஒண்ணியும் எடுக்க வரல. பூ பாக்க வந்தோம்" என்றாள் நாத்தனார்.

"பூவா?" அவர் எங்களையும் பார்த்தார், கொடியையும் பார்த்தார். "இந்த முள்ளா? என் யூனிபாரம் ரெண்டு கிழிச்சிகிது இது."

"இது சாயங்காலம் ரோஸ் ஆயிடும், தெரியுமா?"

"அய்ய, சும்மா சொல்லாதம்மா. நான் நாலு வருஷமா இங்க குந்திகினு கீறேன்."

"அப்ப இன்னிக்குப் பாரு. நாங்களும் பாக்கப் போறோம்."

அப்படித்தான் அந்த முடிவு வந்தது. அவள் தன் பையிலிருந்து நூலை இழுத்து, அன்று புதிதாக மலர்ந்த ஒரு பூவின் காம்பில் தளர்வாகக் கட்டினாள். செக்யூரிட்டி தன் அறையின் நிழலில் ஒரு பெஞ்சைப் போட்டுக்கொடுத்தார். நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்தோம். அப்படி ஒரு வெயிலில், அப்படி ஒரு மகிழ்ச்சியில், நான் அதுவரை ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

பத்து மணிக்கு அந்த மஞ்சள் தீற்றல் பழுப்பாகியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு இதழ் ஓரத்தில் ஒரு சாயம் ஏறியதா, இல்லையா என்று எங்களுக்குள் தகராறு. அவள் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"நாம பாக்கச்சொல்லோ மாற மாட்டுது அண்ணி. அந்தாண்ட திரும்பனா மாறிடுது. டபாய்க்குது."

செக்யூரிட்டி அரை மணிக்கு ஒரு தரம் வந்து, "மாறிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்களோடு சோறு சாப்பிட்டார். அவருடைய வாளியில் ஒழுகும் குழாய் நீருக்குச் சின்னான் குருவிகள் வந்தன, தேன்சிட்டுகள் வந்தன. இலைகளைப் புரட்டினால் பச்சைப் புழுக்கள், பொடி முட்டைகள். ஒரு கொடிக்குள் ஒரு ஊரே இருந்தது. மூன்று மணிக்கு வந்த செக்யூரிட்டி குனிந்து பார்த்தார். பூ இளஞ்சிவப்பாகியிருந்தது. நூல் அப்படியே இருந்தது.

"நாலு வருஷம்" என்றார். "என் மூஞ்சிக்கு நேரா." போனை எடுத்து, முள்ளுக்குள் தலையை நுழைத்துப் படம் பிடித்து, தன் மனைவிக்கு அனுப்பினார். பிறகு கூப்பிட்டு, "படம் வந்துச்சா? காலைல இது வெள்ள! சத்தியமா வெள்ள!" என்று கத்தினார். அடுத்த முறை கொடி ரோட்டுப் பக்கம் நீண்டால் தானே கயிறு கட்டி உள்ளே இழுத்துவிடுவதாக, நாங்கள் கேட்காமலே சொன்னார்.

ஐந்தரை மணிக்கு மகரந்தக் கம்பிகள் வரை சிவந்துவிட்டன. அதற்கு மேல் இருந்தால் ரயிலை விட்டுவிடுவோம் என்று கிளம்பினோம். துறைமுக ரோட்டுக்கு வந்தபோது சூரியன் எங்களுக்குப் பின்னால் தாழ்ந்திருந்தது. ரோட்டின் இரு பக்கமும் வறண்ட திடல். டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. திடீரென்று தலைக்கு மேல் கத்தல். சிவப்பு மூக்கு ஆள்காட்டிகள் இரண்டு, எங்களை விரட்டுவதா, லாரியை விரட்டுவதா என்று தெரியாமல் அலறிப் பறந்தன.

"குஞ்சு!" என்றாள் நாத்தனார்.

நான்கு குஞ்சுகள். பஞ்சு உருண்டைகளுக்குக் குச்சிக் கால் முளைத்ததுபோல. மூன்று ரோட்டைத் தாண்டி எதிர் ஓரத்தை எட்டிவிட்டன. நான்காவது நடுரோட்டில் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. தாய் எச்சரித்துக் கத்தினால் ஆள்காட்டிக் குஞ்சு அசையாமல் படுத்துவிடும். எதிரிலிருந்து ஒரு டிரெய்லர் வந்துகொண்டிருந்தது.

நான் "ஐயோ" என்றுதான் சொன்னேன். அவள் ஓடிவிட்டாள். ரோட்டுக்குள் இறங்கிக் காலை அகட்டி நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நேராக உயர்த்தினாள். சிவப்புக் கொடி இல்லாதபோது ரயிலை நிறுத்தக் காட்டும் சைகை அது. அவள் நின்ற நிலையில் ஒரு துளி தயக்கம் இல்லை. டிரெய்லரின் பிரேக் கிறீச்சிட்டது. காற்று உஸ்ஸென்று வெளியேற, வண்டி பதினைந்து அடி தள்ளி நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏம்மா! சாவறதுக்கு என் வண்டிதான் கெட்ச்சுதா?"

அவள் கையை இறக்கவில்லை. முகவாயால் ரோட்டைக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"அடப் பாவமே, இத்துனூண்டு கீது" என்றார். எஞ்சினை நிறுத்தினார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் கையை வெளியே விட்டு, அடிக்காதே, அடிக்காதே என்று ஆட்டினார். ஒவ்வொரு ஹாரனாக அடங்கியது. அந்த ரோட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. ஆள்காட்டிகளின் கத்தல்கூட நின்றது.

"எழுந்துக்கோ நைனா" என்றாள் அவள், கைகள் மேலேயே இருக்க. "யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. போ."

குஞ்சு தலையைத் தூக்கியது. ஒரு பக்கம் பார்த்தது, மறுபக்கம் பார்த்தது. பிறகு ஒரே ஓட்டம். ரோட்டு விளிம்பில் இடறி உருண்டு, எழுந்து, புல்லுக்குள் மறைந்தது. டிரைவர் ஸ்டீயரிங்கைத் தட்டினார். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாத்தனார் கைகளை இறக்கி, ஒதுங்கி நின்று, முறைப்படி, போகலாம் என்று கையை வீசினாள். அவர் சின்னதாக ஒரு ஹாரன் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார்.

ரயிலுக்கு இன்னும் சில நிமிடங்களே இருந்தன. ஸ்டேஷன்வரை ஓடினோம். மூச்சு வாங்க வாங்க இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே ஓடினோம், ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழவே இல்லை.